கல்லுக்கு வெள்ளிச் சுவர் எழுப்புதல்: முதல் பதக்கம் செய்பவருக்கு

கல் பதிக்கப் பழகுகிறவர்கள் எடுத்த எடுப்பில் மோதிரத்தில்தான் கை வைக்கிறார்கள். பதக்கத்தில் தொடங்குவதே நல்லது. மோதிரம் என்றால் விரல் அளவு சரியாக வரவேண்டும், கூடுதலாக ஓர் இணைப்பு ஊதவேண்டும் (தீயில் சூடேற்றி ஒட்டவேண்டும்), போட்டுக்கொண்ட பிறகு நாள் முழுக்க எதிலாவது இடிபடும். பதக்கத்துக்கு இந்தத் தொல்லைகள் இல்லை. ஆனால் கற்றுக்கொள்ள வேண்டிய வேலை அத்தனையும் அதில் இருக்கிறது: அளப்பது, வளைப்பது, ஊதுவது, அமுக்குவது, மெருகிடுவது.

இங்கே எடுத்துக்கொண்டிருப்பது 14×10 மி.மீ. அளவுள்ள நீள்வட்டக் கல். அதைச் சுற்றி மெல்லிய வெள்ளிப் பட்டையால் ஒரு சுவர் எழுப்பி, கல்லை உள்ளே இறக்கி, சுவரின் மேல் விளிம்பைக் கல்மேல் மடித்து அமுக்கிவிட வேண்டும். பெசல் என்பது இந்தச் சுவர்தான். பசை கிடையாது, கல்லைப் பிடித்து வைத்திருப்பது மடிந்த விளிம்பு மட்டுமே. அதனால் சுவர் கல்லின் அளவுக்கு அமைந்துவிட்டால் பாதி வேலை முடிந்த மாதிரி. அமையாவிட்டால் பிற்பாடு எந்தச் சாமர்த்தியமும் எடுபடாது. தீ மூட்டிய பிறகு வெளிப்படும் கோளாறுகளில் பெரும்பாலானவை அளக்கும்போதும் அரம் போடும்போதுமே உள்ளே புகுந்தவை.

கல் எது?

கபோஷான் வெட்டுக் கல்லை வாங்குங்கள். அடி தட்டையாக, மேல் பக்கம் குவிந்து, பட்டை தீட்டாமல் வழவழப்பாக இருக்கும். முதல் கல் அகேட் அல்லது ஜாஸ்பராக இருக்கட்டும். இரண்டும் குவார்ட்ஸ் இனம். பிரீட்ரிக் மோஸ் 1812-இல் வகுத்த கடினத்தன்மை அளவுகோலில் 6.5 முதல் 7 வரை நிற்பவை. அமுக்கும்போது பிளந்துகொள்ளும் தளங்கள் அவற்றில் இல்லை. விளிம்பை மடிக்கும் தள்ளுகோல் வழுக்கிக் கல்மேல் பட்டாலும் பெரும்பாலும் தாங்கும்.

சந்திரகாந்தக் கல்லும் லாப்ரடோரைட்டும் பார்க்க அழகு. ஆரம்பக் கைக்கு ஆபத்து. இரண்டும் ஃபெல்ட்ஸ்பார் இனம், கடினம் 6 முதல் 6.5. அவற்றுக்குள் பிளவுத் தளங்கள் உண்டு. ஒரே இடத்தில் அழுத்தம் கூடினால் வெட்டியதுபோல் பிரிந்துவிடும். ஃபுளோரைட் இன்னும் மோசம்: கடினம் 4, நான்கு திசைகளில் பிளக்கும். ஓபலுக்குள் நீர் அடங்கியிருக்கிறது, பெரும்பாலும் 3 முதல் 10 விழுக்காடு. திடீர்ச் சூடு கண்டால் விரிசல் விடும். டர்க்காய்ஸ் 5 முதல் 6 வரை. நுண்துளைகள் உள்ள கல்லாதலால் எண்ணெயையும் மெருகுப் பசையையும் உறிஞ்சி நிறம் மாறும். மாலகைட் 3.5 முதல் 4. செம்பின் கார்பனேட் என்பதால் அமிலம் பட்டால் அரிக்கும். முத்தும் பவளமும் கால்சியம் கார்பனேட், அவற்றுக்கும் அமிலம் பகை.

கடினம் 7 என்ற எல்லையை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். காற்றில் பறக்கும் தூசியில் நுண்ணிய குவார்ட்ஸ் துகள்கள் இருக்கின்றன. அதைவிட மென்மையான கல், துணியால் துடைக்கத் துடைக்க மெருகு மங்கும். பதக்கத்துக்கும் காதணிக்கும் மென்மையான கல் ஆகும். தினம் அணியும் மோதிரத்துக்கு ஆகாது.

கல் கைக்கு வந்ததும் செய்ய வேண்டிய சோதனைகள் சில. வெள்ளைப் பஞ்சில் அசிட்டோன் தொட்டு அடிப்பக்கத்தில் தேயுங்கள். பஞ்சில் நிறம் ஏறினால் சாயமேற்றிய கல். (சாயமேற்றிய கல்லை வைத்துப் பழகக்கூடாது என்றில்லை. ஆனால் தெரிந்து வாங்க வேண்டும்.) பக்கவாட்டில் விளக்கொளி விழும்படி வைத்து, மெல்லச் சுற்றி, விரிசல் இருக்கிறதா பாருங்கள். பிறகு கண்ணாடித் தட்டின்மேல் வைத்து ஒரு விரலால் ஓரத்தைத் தட்டுங்கள். ஆடினால் அடி தட்டையாக இல்லை என்று பொருள். அப்படியே பதித்தால், அமுக்கும்போது விளிம்பருகே உடையும். நீர் தெளித்த 400 எண் உப்புத்தாளில் அடியைத் தேய்த்துச் சமப்படுத்துங்கள். எந்தக் கல்லையும் உலர்ந்த நிலையில் தேய்க்கக் கூடாது. கல்தூள் நுரையீரலுக்குக் கேடு. மாலகைட் தூளில் செம்பும் சேர்ந்திருக்கிறது.

எது மேல், எது கீழ்?

வடிவமைப்பு என்றால் பூ வேலை, கொடி வேலை என்று யோசிக்கிறார்கள். அதற்கு முன் கல்லில் எது தலைப்பக்கம் என்பதை முடிவு செய்தாக வேண்டும். லாப்ரடோரைட்டின் நீலப் பளிச்சு ஒரு குறிப்பிட்ட கோணத்தில்தான் தெரியும். கல்லைத் தலைகீழாக வைத்துவிட்டால் அணிந்தவரின் நெஞ்சில் அது வெறும் சாம்பல் கல். கல்லைக் கண்ணாடித் தட்டில் வைத்து, எதிரில் நின்று பார்ப்பவரின் கண்ணுக்கு எந்தப் பக்கம் ஒளி வருகிறது என்று திருப்பிப் பாருங்கள். அந்தப் பக்கத்தை மார்க்கரால் கல்லின் அடியில் குறியுங்கள். வைடூரியத்தின் ஒளிக்கோடு நீளவாக்கில் செங்குத்தாக நிற்க வேண்டும். அகேட்டின் வரிகளைக் கிடையாக வைத்தால் நிலக்காட்சி போலவும் நெடுக்காக வைத்தால் மழை போலவும் தோன்றும். இதற்கு விதி கிடையாது, கண்தான் விதி.

கல்லில் கோலம் நிறைய இருந்தால் வெள்ளியைச் சும்மா விட்டுவிடுங்கள். ஒரே நிறக் கல்லாக இருந்தால் தகட்டு விளிம்பில் சிறு வெள்ளி மணிகளோ முறுக்குக் கம்பியோ வைக்கலாம். இரண்டும் ஒரே நேரத்தில் பேசினால் எதுவும் காதில் விழாது.

வேண்டிய பொருள்கள்

சுவருக்கு 99.9 தூய வெள்ளிப் பட்டை, 0.3 மி.மீ. கனம், 3 மி.மீ. அகலம். அடித்தகட்டுக்கு 92.5 வெள்ளி, 0.6 மி.மீ. கனம், 18×14 மி.மீ. துண்டு. தொங்கவிட 1.2 மி.மீ. கம்பியில் செய்த, 5 மி.மீ. உள்விட்டமுள்ள வளையம்.

சுவருக்குத் தூய வெள்ளி ஏன்? அது மென்மையானது, கல்லை வருத்தாமல் மடியும். உருகுநிலையும் கூடுதல், 962 டிகிரி செல்சியஸ். 92.5 வெள்ளியில் பெரும்பாலும் செம்பு கலந்திருப்பதால் 800 டிகிரியைத் தாண்டியதுமே இளகத் தொடங்கும். பட்டை மெல்லியது, முதலில் சூடேறுவதும் அதுதான். எனவே இந்த இடைவெளி உங்களைக் காப்பாற்றும். அடித்தகடு மட்டும் விறைப்பாக இருக்க வேண்டும் என்பதால் அதற்கு 92.5.

வெள்ளிப் பற்றாசு (துண்டுகளை ஒட்ட இடையில் உருக்கும் உலோகம்) மூன்று தரத்தில் வேண்டும்: கடினம், நடுத்தரம், எளிது. உருகும் வெப்பம் இந்த வரிசையில் இறங்கும். தயாரிப்பாளரைப் பொறுத்துச் சற்று மாறினாலும் கடினம் 750 டிகிரிக்கு அருகிலோ மேலோ, எளிது 700 டிகிரியை ஒட்டியோ இருக்கும். முதல் இணைப்பைக் கடினத்தில் ஊதினால், அடுத்ததை நடுத்தரத்தில் ஊதும்போது முதல் இணைப்பு அவிழாது. காட்மியம் சேராத பற்றாசு என்று கேட்டு வாங்குங்கள். காட்மியப் புகை கொடிய நஞ்சு.

இவற்றோடு, பற்றாசு ஓட உதவும் வெங்காரம் (போராக்ஸ்), சிறு கேஸ் டார்ச், தீச்செங்கல், முக்காலியும் கம்பி வலையும், சாமணம், அரம், கத்திரி, நகை ரம்பம், வெர்னியர் காலிப்பர், தள்ளுகோல், பர்னிஷர் எனும் வழவழப்பான எஃகுக் கோல், 400, 600, 1200 எண் உப்புத்தாள்கள். ஆக்சைடு நீக்கும் கரைசலுக்கு, ஒரு லிட்டர் வெந்நீரில் 100 முதல் 150 கிராம் சிட்ரிக் அமிலம். எந்த அமிலமானாலும் நீரில்தான் அமிலத்தைப் போட வேண்டும்; அமிலத்தில் நீரை ஊற்றக் கூடாது. கரைசலுக்குள் இரும்புச் சாமணம் போகக் கூடாது. போனால் கரைசலில் கலந்திருக்கும் செம்பு வெள்ளிமேல் படிந்து, பதக்கம் இளஞ்சிவப்பாக வெளியே வரும். செம்பு அல்லது மூங்கில் இடுக்கி போதும்.

ஜன்னல் திறந்திருக்கட்டும். பருத்தி உடை, கண்ணுக்குக் கண்ணாடி, முடிந்த தலைமுடி, கைக்கெட்டும் தூரத்தில் ஒரு வாளித் தண்ணீர்.

அளப்பது

வட்டக் கல்லானால் விட்டத்தோடு பட்டையின் கனத்தைக் கூட்டி 3.14-ஆல் பெருக்குங்கள். 10 மி.மீ. வட்டக் கல்லுக்கு 10.3 × 3.14, அதாவது 32.3 மி.மீ. கனத்தைக் கூட்ட மறந்தால் கிட்டத்தட்ட ஒரு மி.மீ. குறையும். அந்தச் சுவருக்குள் கல் இறங்கவே இறங்காது.

நீள்வட்டத்துக்கு இரு விட்டங்களின் சராசரியை எடுப்பது வழக்கம். 14, 10 என்றால் சராசரி 12. கனம் சேர்த்து 12.3, 3.14-ஆல் பெருக்க 38.6 மி.மீ. ஆனால் நீள்வட்டத்தின் உண்மையான சுற்றளவு சராசரிக் கணக்கைவிடச் சற்றுக் கூடுதல். இந்த அளவுக்கு 38.9 மி.மீ. வரும். கல் நீண்டுகொண்டே போனால் இந்த வேறுபாடும் வளரும். 39 மி.மீ. வெட்டிக்கொண்டு, கல்லைச் சுற்றிப் பார்த்து, தேவையானால் அரத்தால் குறைப்பது பாதுகாப்பு. குறைக்க முடியும், கூட்டுவது கடினம்.

உயரத்துக்குச் சூத்திரம் இல்லை. கல்லைக் கண் மட்டத்தில் வைத்துப் பாருங்கள். பக்கம் நேராக ஏறி ஓரிடத்தில் உள்நோக்கி வளையும். அந்த வளைவுக்கு மேல் ஒரு மி.மீ.க்குச் சற்றுக் குறைவாகச் சுவர் நிற்க வேண்டும். 5 மி.மீ. உயரக் கல்லுக்குப் பெரும்பாலும் 3 மி.மீ. சுவர் போதும். குறைந்தால் கல் கழன்று விழும். கூடினால் கல்லின் முகத்தை மறைப்பதோடு, மடிக்கும்போது மிகுதித் தகடு போக இடமின்றிச் சுருங்கி நிற்கும். கல் குட்டையாகவும் சுவர் உயரமாகவும் அமைந்துவிட்டால், கல்லின் அடியில் மெல்லிய பிளாஸ்டிக் அட்டையை அதே வடிவில் வெட்டி வைத்துக் கல்லை உயர்த்தலாம். சிலர் மரத்தூள் வைப்பார்கள். அது ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்ளும், வேண்டாம்.

முதல் இணைப்பு: சுவரை வளையமாக்குவது

பட்டையின் இரு முனைகளையும் செங்கோணமாக அரம் போடுங்கள். பட்டையை வளைத்து, முனைகளை ஒன்றையொன்று தாண்டும்படி இரண்டு மூன்று முறை அழுத்திவிட்டு, பிறகு நேருக்கு நேர் சந்திக்க விடுங்கள். அந்த விசையே முனைகளைச் சேர்த்துப் பிடித்துக்கொள்ளும். இந்த நிலையில் வளையம் வட்டமாக இருக்க வேண்டியதில்லை. கோணல்மாணலாக இருக்கலாம், முனைகள் சேர்ந்திருந்தால் சரி.

இப்போது அதை விளக்குக்கு நேராகப் பிடித்துப் பாருங்கள். இணைப்பின் வழியே மயிரிழை வெளிச்சம் தெரிந்தாலும் மறுபடி அரம் எடுங்கள். பற்றாசு உருகி இரு பரப்புகளுக்கு இடையிலுள்ள நுண்ணிய இடுக்கில் உறிஞ்சப்பட்டு ஓடும், ஓட்டையை அடைக்காது. நிறையப் பற்றாசு வைத்தால் அடைபடும் என்பது தப்புக்கணக்கு. அது ஒரு பக்கமாக ஒதுங்கி முடிச்சுப் போல நிற்கும், இடைவெளி அப்படியே இருக்கும்.

கடினப் பற்றாசில் ஒரு மி.மீ. சதுரத் துண்டு ஒன்றைத் தீச்செங்கல்மேல் வைத்து, வெங்காரம் பூசிய இணைப்பை அதன்மேல் நிறுத்துங்கள். சுடரை நேரே இணைப்பின்மேல் பிடிக்கக் கூடாது. வளையம் முழுவதையும் சுற்றிச் சுற்றிச் சூடேற்ற வேண்டும். உலோகங்களிலேயே வெப்பத்தை மிக நன்றாகக் கடத்துவது வெள்ளிதான். ஓரிடத்தில் காட்டும் சூடு உடனே மற்ற இடங்களுக்கு ஓடிவிடும், இணைப்பு மட்டும் சூடேறாது. வெங்காரம் முதலில் பொங்கும், பிறகு அடங்கும், பிறகு கண்ணாடி போல் உருகிப் படரும். பற்றாசுத் துண்டு உருண்டு மணியாகும். அடுத்த ஒன்றிரண்டு வினாடிகளில் அந்த மணி சட்டென்று மறைந்து, இணைப்பில் ஒரு பளபளப்பான வெள்ளிக் கோடு ஏறும். அந்தக் கணமே சுடரை எடுத்துவிடுங்கள். இன்னும் ஓடட்டும் என்று காத்திருந்தால் பட்டை உருகிச் சுருண்டுவிடும்.

பற்றாசு எப்போதும் அதிகச் சூடுள்ள பக்கம் ஓடும். ஒரு முனையில் மட்டும் ஏறிவிட்டால், மறுமுனை குளிர்ந்திருந்தது என்று பொருள். மணியாக உருண்டு அசையாமல் நின்றால் அழுக்கோ, வெங்காரம் எரிந்து தீர்ந்ததோதான் காரணம். மேலும் மேலும் சூடேற்றுவதில் பயனில்லை. ஆறவிட்டு, கரைசலில் போட்டு, கழுவி, புதிதாக வெங்காரம் பூசித் தொடங்குங்கள்.

தண்ணீரில் குளிர்வித்து, சூடான கரைசலில் பத்துப் பதினைந்து நிமிடம் போட்டு எடுத்ததும், வளையத்தை உருளையில் மாட்டி நைலான் சுத்தியால் தட்டி வட்டமாக்குங்கள். பிறகு கல்லை ஒட்டி விரலால் நீள்வட்டமாக வளைத்து, கல்மேல் இறக்கிப் பாருங்கள். உரசிக்கொண்டு, ஆனால் தள்ளாமல் இறங்க வேண்டும். சற்றே இறுக்கமானால் உருளையில் வைத்து பர்னிஷரால் உருட்டித் தேய்த்தால் மென்வெள்ளி அரை மி.மீ. வரை விரிந்துகொடுக்கும். தளர்வாக இருந்தால் தயங்காமல் இணைப்பை வெட்டி, அரம் போட்டு, மறுபடி ஊதுங்கள். அமுக்கும்போது சரியாகிவிடும் என்று விட்டால் ஆகாது. அமுக்குவது மேல் விளிம்பை மட்டும்தான் மடிக்கும். கல் உள்ளே ஆடிக்கொண்டே இருக்கும்.

இரண்டாவது இணைப்பு: சுவரும் அடித்தகடும்

400 எண் உப்புத்தாளைக் கண்ணாடிமேல் விரித்து, சுவரின் அடிவிளிம்பை எட்டு வடிவில் தேய்த்துச் சமமாக்குங்கள். கண்ணாடிமேல் நிறுத்திப் பார்த்தால் எங்கும் வெளிச்சம் கசியக் கூடாது. அடித்தகட்டையும் தேய்த்துச் சுத்தமாக்கி, இரண்டிலும் வெங்காரம் பூசி, தகட்டைக் கம்பி வலைமேல் வைத்து நடுவே சுவரை நிறுத்துங்கள்.

நடுத்தரப் பற்றாசில் ஆறு முதல் எட்டுச் சிறு துண்டுகள் போதும். சுவருக்கு உள்ளே வைப்பதா, வெளியே வைப்பதா என்பதில் கைக்குக் கை வழக்கம் மாறும். புதியவர்கள் வெளியே வைப்பதே நல்லது. உள்ளே வைத்து, அதில் ஒரு துண்டு சரியாக ஓடாமல் மேடாக நின்றுவிட்டால், கல் அதன்மேல் உட்கார்ந்து அமுக்கும்போது பிளக்கும். வெளியே மிஞ்சுவதை அரத்தால் எடுத்துவிடலாம். தகடு பெரிதாக வெட்டியிருப்பதும் அதற்குத்தான்.

சுடரை வலைக்கு அடியிலிருந்து காட்டுங்கள். சுவர் 0.3 மி.மீ., தகடு 0.6 மி.மீ.; மேலிருந்து ஊதினால் மெல்லியது முந்திக்கொள்ளும். துண்டுகள் தாவிச் சுவர்மேல் ஏறினால் சுவர் அதிகச் சூடு கண்டுவிட்டது, சுடரைத் தகட்டுப் பக்கம் திருப்புங்கள். சரியாக நடந்தால் சுவரின் அடியைச் சுற்றி ஒளிக்கோடு ஓடிச் சேரும். கரைசலில் போட்டு எடுத்து, பூதக்கண்ணாடியால் முழுச் சுற்றையும் பார்த்துவிட்டுத்தான் மேலே போக வேண்டும்.

ரம்பத்தால் தகட்டின் மிகுதியை அறுத்து எடுங்கள். சுவரோடு ஒட்ட அறுக்கலாம், ஒரு மி.மீ. விளிம்பு விட்டும் அறுக்கலாம். விளிம்பு இருந்தால் அரம் சுவரைத் தொடும் அபாயம் குறைவு, பார்வைக்கும் நன்றாக இருக்கும். பிறகு தொங்கு வளையத்தை எளிய பற்றாசால் மேல் விளிம்பில் ஊதுங்கள். சூட்டை வளையத்துக்கல்ல, தகட்டுக்குக் காட்டுங்கள். வளையம் சிறிது, தானே சூடாகிவிடும். ஊதும் வேலை அனைத்தும் இதோடு முடிந்துவிட வேண்டும். கல் உள்ளே போன பிறகு தீ கிட்டேயே வரக் கூடாது.

மெருகு முதலில், கல் பிறகு

கல்லை வைத்துப் பார்க்கும் ஆசை வரும். வெறுமனே வைக்காதீர்கள், உள்ளே சிக்கிக்கொண்டால் எடுப்பது பெரும்பாடு. பல் இடுக்குச் சுத்தம் செய்யும் நூலைக் குறுக்காகப் போட்டு, அதன்மேல் கல்லை இறக்கிப் பாருங்கள். நூலை இழுத்தால் கல் மேலே வந்துவிடும். அடித்தகட்டின் நடுவில் முன்கூட்டியே 2 மி.மீ. துளை போட்டு வைப்பது இன்னும் நல்லது. பின்னாலிருந்து குச்சியால் தள்ளி எடுக்கலாம். ஒளி ஊடுருவும் கல்லானால் அந்தத் துளையைப் பெரிதாக்கிப் பிறை, இலை என்று வடிவம் கொடுக்கலாம். கல்லுக்கும் வெளிச்சம் கிடைக்கும்.

400, 600, 1200 என்று வரிசையாக உப்புத்தாள் போடுங்கள். ஒவ்வொரு தாளையும் முந்தைய கீறலுக்குக் குறுக்காகத் தேய்த்தால், பழைய கீறல் போய்விட்டதா என்பது தெளிவாகத் தெரியும். இடையில் ஒரு எண்ணைத் தாண்டிவிட்டால் அந்தக் கீறல் கடைசி மெருகில்தான் கண்ணில் படும். சில நேரம் 92.5 தகட்டில் ஊதா கலந்த சாம்பல் நிழல் ஒன்று தோன்றி, எவ்வளவு மெருகிட்டாலும் போகாது. அதிக நேரம் சூடேற்றியதால் வெள்ளிக்குள் இருந்த செம்பு மேற்பரப்புக்கு அடியில் ஆக்சைடாகிவிட்டது அது. 400-க்குத் திரும்பிப் போய்த் தேய்த்துத்தான் எடுக்க வேண்டும். அடுத்த முறை தகடு முழுக்க வெங்காரம் பூசி, பெரிய சுடரால் விரைவாக ஊதினால் வராது.

அமுக்குவது

சுவரின் மேல் விளிம்பை வெளிப்பக்கமாக அரத்தால் லேசாகச் சாய்த்து மெலிதாக்குங்கள். கல்லைக் குறித்து வைத்த திசையில் இறக்கி, பதக்கத்தை இருபக்க ஒட்டுநாடாவால் மரக்கட்டையில் ஒட்டுங்கள். தள்ளுகோலின் முனையில் கூர் இருக்கக் கூடாது. உப்புத்தாளால் ஓரங்களை மழுக்கிக்கொள்ளுங்கள். வழுக்கினால் கல்லைக் கீறாமல் இருக்கக் கட்டைவிரலைக் கட்டையில் ஊன்றித் தள்ளுங்கள்.

நீள்வட்டத்தின் இரு நுனிகளில் தொடங்குங்கள். வளைவு குறுகலான இடம் அது. மிகுதித் தகடு சேர்ந்து சுருங்குவது அங்கேதான். முதலில் ஒரு நுனி, அடுத்து எதிர்நுனி, பிறகு இரு பக்கங்கள், அதன்பின் இடைப்பட்ட இடங்கள், எப்போதும் எதிரெதிராக. முதல் சுற்றில் விளிம்பு கல்லை முழுதாகத் தொட வேண்டியதில்லை, பாதி சாய்ந்தால் போதும். மூன்று நான்கு சுற்றில் படிய வையுங்கள். ஓரிடத்தில் ஆரம்பித்து வரிசையாகச் சுற்றி வந்தால், மிஞ்சும் தகடெல்லாம் முன்னால் தள்ளப்பட்டு, கடைசி இடத்தில் மடிப்பாக எழும். எழுந்த மடிப்பைத் தட்டி அமுக்கப் பார்க்காதீர்கள், கல் உடையும். மடிப்பின் இரு புறமிருந்தும் சிறிது சிறிதாக அதைப் பரப்ப வேண்டும்.

விளிம்பு படிந்ததும் பர்னிஷரை லேசாக எச்சில் அல்லது சோப்பு நீர் தொட்டு, அழுத்தித் தேய்த்துக்கொண்டே சுற்றி வாருங்கள். தள்ளுகோல் விட்ட தடங்கள் மறைந்து பளபளக்கும்.

சோதிக்க இரண்டு வழி. பதக்கத்தைக் காதருகே பிடித்து விரல்நகத்தால் தட்டுங்கள். கடகட என்ற ஒலி வந்தால் கல் ஆடுகிறது. பிறகு பஞ்சை விளிம்பைச் சுற்றி இழுத்துப் பாருங்கள். இழை எங்கே சிக்குகிறதோ அங்கே விளிம்பு இன்னும் தூக்கி நிற்கிறது. அதே இடத்தை மறுபடி அமுக்கித் தேய்த்துவிட்டு, பஞ்சு தடையின்றி ஓடும்வரை தொடருங்கள்.

கடைசி மெருகுக்குக் கல்மேல் ஒட்டுநாடா ஒட்டிவிட்டு, மென்துணியால் வெள்ளியை மட்டும் துடையுங்கள். டர்க்காய்ஸ் போன்ற கல்லானால் மெருகுப் பசையைத் தொடவே வேண்டாம். அணிந்து அழுக்கானால் வெதுவெதுப்பான சோப்பு நீரும் மென்மையான பிரஷும் அகேட்டுக்குப் போதும். ஒலியலையால் நகை சுத்தம் செய்யும் தொட்டியில் ஓபல், டர்க்காய்ஸ், முத்து, மரகதம் எதையும் போடக் கூடாது. சில மாதம் கழித்துக் கல் ஆடுவதாகத் தோன்றினால், தள்ளுகோலை எடுக்கும் முன் பூதக்கண்ணாடியால் சுவரின் இணைப்பைப் பாருங்கள். இணைப்பு விட்டிருந்தால் அமுக்கிப் பயனில்லை. கல்லை வெளியே எடுத்துவிட்டுத்தான் மறுபடி ஊத வேண்டும்.